முள்ளும் கொடுக்கும்

காவிரிப் பாசன வயல்களிலும் குளங்களிலும் சேற்றுக்குள் கிடக்கும் ஒரு மீனுக்குத் தேளி என்று பெயர். கருத்த வழவழப்பான உடம்பு, நீண்ட மீசை, தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முட்கள். அந்த முள் ஒருமுறை கையில் ஏறிவிட்டால் பெயர்க்காரணம் தானாக விளங்கிவிடும். தேள் கொட்டியதைப் போலவே கடுப்பு விரலில் தொடங்கி அக்குள்வரை ஏறும். பெயர் வைத்தவருக்கு விலங்கியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நீரில் கிடப்பதையும் நிலத்தில் ஊர்வதையும் வலி என்ற ஒரே அளவுகோலால் அளந்து ஒரே குடும்பத்தில் சேர்த்துவிட்டார். அவர் சேர்த்துவைத்த இரண்டையும் அருகருகே நிறுத்தி, இரண்டுக்கும் வீட்டில் செய்யும் வைத்தியங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

பூச்சிக்கடி என்ற சொல்லை இங்கே ஊர்வழக்கில் உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன். தேள், பூரான், குளவி, தேனீ, கம்பளிப்பூச்சி, உண்ணி எல்லாம் அதில் அடக்கம். தேளையும் உண்ணியையும் பூச்சி என்று அறிவியல் ஒப்புக்கொள்ளாது. மருந்தரைக்கும் அடுப்படி ஒப்புக்கொள்கிறது. கடல் பக்கத்தில் கெளுத்தி முள், திருக்கை முள், சொறி என்னும் ஜெல்லிமீன், தூண்டில் முள் ஆகியவை. இவற்றுக்கு நம் மொழி தரும் வினைச்சொற்களைப் பாருங்கள். எறும்பு கடிக்கிறது, குளவி கொட்டுகிறது, கெளுத்தி குத்துகிறது, திருக்கை அடிக்கிறது, சொறி படுகிறது. வாயால் வருவது, வாலால் வருவது, நாம் அழுத்துவதால் ஏறுவது, வீசுவது, உரசினாலே போதும் என்பது என ஐந்து வழிமுறைகளையும் ஐந்து வினைகள் பிரித்துவைத்திருக்கின்றன. முதலுதவி எங்கே தொடங்க வேண்டும் என்பதில் பாதி இந்த வினைகளிலேயே இருக்கிறது.

மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் ஆறு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. பழகிய கைகள் கெளுத்தியைக் கண்டதும் முள்ளை ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அந்த மீன் பயந்தால் முள்ளை நிமிர்த்திப் பூட்டிவிடும். பூட்டிய முள்ளை மடக்க முடியாது. பையன் அவசரத்தில் மறந்துவிட்டான். அவன் பெரியம்மா பதறவில்லை. தேநீருக்காக விறகடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றினார், அதில் குடத்துத் தண்ணீரைக் கலந்தார். பிறகு செய்ததுதான் முக்கியம். தன் முழங்கையைச் சட்டிக்குள் விட்டுப் பார்த்தார், கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் முன் பார்ப்பார்களே, அதுபோல. இன்னும் கொஞ்சம் வெந்நீர் சேர்த்தார், மறுபடி முழங்கை.

“சூடு அதிகமா இருக்குமோ?” என்று நான் கேட்டேன்.

“எனக்குப் பொறுத்தா அவனுக்கும் பொறுக்கும் சார். அவன் கையை நம்பக்கூடாது, அது மரத்துப்போய் இருக்கு. வெந்தாலும் தெரியாது.”

பையன் கையை உள்ளே விட்டான். சில நிமிடங்களில் அவன் முகம் தெளிந்தது. வலி போய்விட்டதென்று நினைத்துக் கையை வெளியே எடுத்தான். கால் நிமிடம் ஆவதற்குள் முகம் மறுபடி சுருங்கியது. “எடுக்காதடா, எடுத்தா ஏறும்” என்று பெரியம்மா அதட்டினார். தண்ணீர் ஆற ஆற வெந்நீர் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்தக் கை சட்டிக்குள்ளேயே இருந்தது.

இதற்கு இணையாக நான் வைத்துப் பார்ப்பது என் அப்பத்தாவின் வைத்தியத்தை. எங்கள் ஊர் முதுகுளத்தூர் பக்கம், கடல் காற்று எட்டாத மானாவாரிக் காடு. எனக்கு ஒன்பது வயதில், விறகு அடுக்கிலிருந்து சுள்ளி உருவும்போது தேள் கொட்டிவிட்டது. அப்பத்தா உறியில் கிடந்த புளியங்கொட்டை ஒன்றைப் பிளந்து, பருப்பின் வெள்ளைப் பக்கத்தைத் திண்ணைக் கல்லில் சூடு பறக்க உரசினார். அந்தச் சூட்டோடு கடிவாயில் வைத்து அழுத்தினார். கொட்டை ஒட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் தானாக விழுந்தது. அடுத்த கொட்டை, மறுபடி உரசல். “ஒட்டுற வரைக்கும் விசம் இருக்குடா ராசா. எப்ப ஒட்டலையோ அப்ப எல்லாம் இழுத்திருச்சுன்னு அர்த்தம்.” ஏழெட்டுக் கொட்டைகள் போயிருக்கும். நான் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டேன்.

இரண்டு பெண்கள், இரண்டு கரைகள். ஒருவர் மற்றவரைப் பார்த்ததில்லை. இருவரும் நாடியது சூட்டை. இருவருமே சூடு தணியத் தணியப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நிறுத்துவதற்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது: அங்கே வலி திரும்பாமை, இங்கே கொட்டை ஒட்டாமை. இந்தக் கடைசி ஒற்றுமையில்தான் வேற்றுமையும் ஒளிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் சூடு. மீன் முள்ளுக்கு வெந்நீர் என்பதை இன்றைய முதலுதவி நூல்கள் ஏறக்குறைய பெரியம்மாவின் சொற்களிலேயே சொல்கின்றன. 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீர், 30 முதல் 90 நிமிடம், அடிபடாத உறுப்பால் சூட்டைச் சோதித்த பிறகு. மரத்துப்போன கையால் சோதித்து வெந்துபோனவர்கள் உண்டு என்பதால்தான் அந்தக் கடைசி நிபந்தனை. சொறிக்கும் இதேபோன்ற சான்று இருக்கிறது. பையைப் போல நீலமாக மிதந்து வரும் ஒரு வகை, சென்னைக் கடற்கரையிலும் சில பருவங்களில் ஒதுங்கும். அது பட்ட 96 பேரை ஆஸ்திரேலியாவில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 45 டிகிரி வெந்நீரும் மறுபிரிவுக்குப் பனிக்கட்டியும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. 20 நிமிடத்தில் வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் வெந்நீர்ப் பிரிவில் 87 விழுக்காடு, பனிக்கட்டிப் பிரிவில் 33 விழுக்காடு.

ஏன் குறைகிறது? வழக்கமாகச் சொல்லும் விளக்கம், மீன் நஞ்சு சூட்டில் சிதையும் புரதம் என்பது. ஆய்வகக் குப்பியில் அது உண்மை. ஆனால் தோல் பொறுக்கும் சூடு, சதைக்குள் ஆழத்தில் கிடக்கும் நஞ்சைச் சிதைக்கும் அளவுக்குப் போய்ச் சேருமா என்ற ஐயம் ஆராய்ச்சியாளர்களுக்கே உண்டு. அதனால் இன்னொரு விளக்கமும் நிற்கிறது: சூட்டை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்படும்போது வலிச் செய்தி அடங்கிப்போகிறது. பையன் கையை எடுத்ததும் வலி திரும்பியதை நினைத்துப் பாருங்கள். நஞ்சு சிதைந்திருந்தால் அவ்வளவு விரைவில் ஏன் திரும்ப வேண்டும்?

இனி நிலத்துக்கு வருவோம். தேனீயின் நஞ்சில், உலர்ந்த எடையில் பாதியளவு, மெலிட்டின் என்ற சிறு புரதத்துணுக்கு. அது எளிதில் சூட்டுக்கு அசையாது. ஆகவே தேனீக் கொட்டுக்குச் சூடு உதவாது என்றுதான் முடிவுகட்டத் தோன்றும். ஆனால் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் பேனா வடிவில் ஒரு சிறு கருவி விற்கிறார்கள். பூச்சி கடித்த இடத்தில் 50 டிகிரிக்குச் சற்று மேலான சூட்டைச் சில நொடிகள் மட்டும் வைத்து எடுப்பது அதன் வேலை. அரிப்பும் கடுப்பும் தணிகின்றன. அதன் படத்தைப் பார்த்தபோது எனக்குத் திண்ணைக் கல்லும் புளியங்கொட்டையும்தான் நினைவுக்கு வந்தன. சிறிய பரப்பு, குறுகிய நேரம், கடுஞ்சூடு. அப்பத்தாவின் கொட்டை நஞ்சை இழுக்கவில்லை. புளியங்கொட்டைப் பருப்பில் பசை உண்டு. துணி நெய்வதற்கு முன் பாவுக்குக் கஞ்சி போட அந்த மாவைத்தான் ஆலைகளில் பயன்படுத்துகிறார்கள். கடிவாயின் ஈரம் பட்டால் அது ஒட்டும், ஈரம் உலர்ந்தால் விழும். ஆனால் அதன் சூடு நரம்பைத் தொட்டிருக்கலாம். கடலோரத்துச் சட்டியும் கடைசியில் அதே நரம்பைத்தான் தொடுகிறது என்றால், வேறு வேறு நஞ்சுகளுக்காகப் புறப்பட்ட இரண்டு வைத்தியங்கள் நம் உடம்புக்குள் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

இப்போது ஒத்திவைத்த வேற்றுமை. பெரியம்மாவின் அடையாளம், வலி திரும்புகிறதா இல்லையா என்பது, வைத்தியத்தையே சோதிக்கிறது. கையை எடுத்தால் வலி, விட்டால் நிம்மதி. இதை நோயாளி ஒரே மணி நேரத்தில் நாலைந்து தடவை சோதித்துவிடுகிறார். ஒரு மீனவக் குப்பத்தில் கெளுத்தி குத்தாத ஆள் இருக்க மாட்டார். ஆண்டுக்கணக்கில், நூற்றுக்கணக்கான கைகளில், ஒரே கேள்வி கேட்கப்பட்டு ஒரே விடை கிடைத்திருக்கிறது. அதனால்தான் அந்த வைத்தியம் செதுக்கிய கல்லைப் போல மிச்சமில்லாமல் இருக்கிறது: வெந்நீர், முழங்கை, பொறுமை.

நிலத்தில் அப்படி இல்லை. பெரிய உடம்போடு பார்க்கவே அச்சமூட்டும் கருந்தேளின் நஞ்சு பெரும்பாலும் வலியோடு நின்றுவிடும். சிறியதான செந்தேள் உயிருக்கே உலைவைக்கும். முன்னது கொட்டினால் எந்தப் பச்சிலையை வைத்தாலும் சில மணி நேரத்தில் குணமாகிவிடும், பச்சிலைக்குப் பெயர் கிடைத்துவிடும். பின்னது கொட்டினால் எந்தப் பச்சிலையும் உதவாது. அப்போது ஊர் ‘விதி’ என்று சொல்லிவிடும். என்னைக் கொட்டியது கருந்தேளாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏழெட்டுப் புளியங்கொட்டையோடு கதை முடிந்திருக்காது. குப்பைமேனி, தும்பை, சிறியாநங்கை, வெங்காயம், துளசி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் என்று நிலத்து வைத்தியப் பட்டியல் நீண்டுகொண்டே போவதற்குக் காரணம் அறிவு மிகுதி என்று நான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இப்போது வேறு விதமாகத் தோன்றுகிறது. தானாக ஆறும் நோய்க்குத்தான் மருந்துகள் பெருகும். ஆறுவதற்கு ஒன்று வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த நோய்க்கு மருந்து ஒன்றாகச் சுருங்கும்.

செந்தேளின் அறிவியல் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. 1798இல் அதற்குப் பெயரிட்ட விலங்கியலாளர் ஃபாப்ரீசியஸ் ‘டாமுலஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தார். நம் பெயரைத் தாங்கிய தேளுக்கு மருந்து மராட்டியத்திலிருந்து வந்தது. ராய்கட் மாவட்டத்து மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், செந்தேள் கொட்டியவர்கள் வலியால் இறக்கவில்லை, இதயம் தளர்ந்தும் நுரையீரலில் நீர் கோத்தும் இறக்கிறார்கள் என்று கண்டார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் மாத்திரை அவர்களைக் காப்பதை 1980களில் எழுதி உலகுக்குத் தெரிவித்தார். வியர்த்துக் கொட்டுதல், கைகால் சில்லிடுதல், வாந்தி, மூச்சுத் திணறல் கண்டால் அங்கே திண்ணை வைத்தியத்துக்கு இடமில்லை. குழந்தை என்றால் அந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கவும் கூடாது. கடல் பக்கத்தில் இதற்கு இணையான எல்லைக்கோடு கல்மீன். அதன் முள் ஏறினாலும் முதலில் வெந்நீர்தான், ஆனால் வெந்நீரோடு முடியாது. அதற்கென்று மாற்று நஞ்சு மருந்தே 1959இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது.

சூட்டைவிட என்னை வியக்கவைத்த உறவு வேறொன்று. தேனீயின் கொடுக்கை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். திருக்கை முள்ளின் இரு விளிம்பிலும் உள்ள அரம் போன்ற பற்களும் பின்னோக்கியவை. உண்ணியின் வாய்க்குழலிலும் அப்படியே. நாலாவதாக ஒன்று உண்டு. அதை மனிதன் செய்தான். தூண்டில் முள். உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம் என்ற ஒரே தந்திரத்தை நிலமும் நீரும் கொல்லன் பட்டறையும் தனித்தனியே கண்டுபிடித்திருக்கின்றன. தமிழ் இவற்றில் இரண்டை முள் என்றே அழைக்கிறது.

தந்திரம் ஒன்று, எடுக்கும் முறை நாலு. தேனீக் கொடுக்கை உடனே எடுக்க வேண்டும். கொடுக்கோடு பிய்ந்து வந்த நச்சுப்பை தசைத்துடிப்போடு நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருக்கும். கிள்ளி எடுத்தால் பை பிதுங்கும், நகத்தால் வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1996இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, கிள்ளுவதற்கும் வழிப்பதற்கும் வேறுபாடில்லை, தாமதிக்கும் நொடிகள்தாம் தடிப்பைப் பெரிதாக்குகின்றன என்று காட்டியது. வழிப்பதற்குக் கத்தி தேடும் நேரத்தில் கிள்ளி எறிந்துவிடலாம். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச் செல்வதில்லை. அங்கே தேடுவதே வீண்.

திருக்கை முள் அப்படியல்ல. கால் பாதத்தில் மேலோட்டமாக உடைந்து நிற்கும் துணுக்கை எடுத்துக் கழுவலாம். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஆழமாக ஏறியிருந்தால் தொடவே கூடாது, அசையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த அரப்பற்கள் வெளியே வரும்போதுதான் அதிகம் கிழிக்கும்; குருதிக்குழாயில் ஏறிய முள்ளே அடைப்பாகவும் நிற்கலாம். 2006 செப்டம்பர் 4 அன்று ஆஸ்திரேலியக் காட்டுயிர் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வினின் மார்பில் திருக்கை முள் பாய்ந்து அவர் இறந்த பிறகுதான், அந்த மீன் உயிரையும் எடுக்கும் என்பதைக் கடலை அறியாதவர்களும் அறிந்தார்கள். திருக்கைவால் என்றால் தண்டிக்கும் சவுக்கு என்று மட்டுமே கேட்டு வளர்ந்த உள்நாட்டுக்காரனான எனக்கும் அது செய்தியாகத்தான் இருந்தது.

தூண்டில் முள்ளுக்கு மீனவர்கள் செய்வது நேர்த்தியானது. பின்னால் இழுக்காமல் முன்னோக்கியே தள்ளி, நுனி வெளியே வந்ததும் கட்டிங் பிளேயரால் பின்முள்ளை வெட்டிவிட்டு, மிச்சத்தை வந்த வழியே உருவுகிறார்கள். மருத்துவமனையிலும், மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, இதே முறையைத்தான் செய்கிறார்கள். கண்ணருகே மாட்டினால் மட்டும் கரையில் யாரும் கைவைக்கக் கூடாது. உண்ணிக்கோ அவசரமும் ஆகாது, தள்ளலும் ஆகாது. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல், மெதுவாக நேரே இழுக்க வேண்டும். வீடுகளில் மண்ணெண்ணெய் விடுவார்கள், அணைத்த தீக்குச்சியின் சூட்டை வைப்பார்கள். இதுவரை நான் புகழ்ந்த சூடு இங்கே தவறான இடத்தில் வந்து நிற்கிறது. சுடப்பட்ட உண்ணி தன் வாயில் உள்ளதை நம் உடம்புக்குள் உமிழக்கூடும்.

சொறிக்கும் கம்பளிப்பூச்சிக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஒன்று தண்ணீரில் மிதக்கும் கூழ், மற்றது முருங்கை மரத்தில் அப்பிக் கிடக்கும் மயிர்க்கொத்து. இரண்டுமே நம்மைத் தேடி வருவதில்லை. உரசினால் போதும், ஆயுதத்தைத் தோலில் விட்டுவிடும். சொறியின் இழையில் ஆயிரக்கணக்கான கொட்டுயிரணுக்கள் வெடிக்காமல் காத்திருக்கும். கம்பளிப்பூச்சியின் முடிகள் ஒடிந்து தோலில் குத்திட்டு நிற்கும். இரண்டுக்கும் முதல் தூண்டுதல் தேய்ப்பது. இரண்டிலும் செய்யக்கூடாத முதல் காரியமும் அதுவே. கரையில் ஈரமணலை அள்ளித் தேய்ப்பவர்களையும் வீட்டில் கோணிச்சாக்கால் தேய்ப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இருவரும் மிச்சமிருந்த ஆயுதங்களையும் தாங்களே ஏவிவிடுகிறார்கள்.

அடுத்த அடியில் பாதைகள் பிரிகின்றன. கம்பளிப்பூச்சி முடிக்குப் பிளாஸ்திரியையோ செலோடேப்பையோ ஒட்டி ஒட்டிப் பிய்த்து எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவலாம். சொறி பட்ட இடத்தில் நல்ல தண்ணீரை ஊற்றினால் வெடிக்காத உயிரணுக்கள் வெடிக்கக்கூடும். கடல் தண்ணீராலேயே அலசி, இழைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, பிறகு வெந்நீர். கடலில் பட்டதைக் கடலாலேயே கழுவு என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை நான் முதலில் நம்பிக்கை என்று எண்ணியிருந்தேன். வினிகர் பற்றியும் ஒரு சொல். பெட்டி வடிவச் சொறியின் வெடிக்காத உயிரணுக்களை வினிகர் முடக்கும் என்றும், சாராயம் போன்றவை வெடிக்கவைக்கும் என்றும் 1980இல் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. எல்லாச் சொறிக்கும் அது பொருந்தாது. நீலப்பை வகைக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. சிறுநீரைப் பற்றி இரு கரைகளிலும் ஒரே கதைதான். சொறிக்கும் சொல்கிறார்கள், குளவிக்கும் சொல்கிறார்கள், இரண்டிலும் பயனில்லை.

இரு கரைகளுக்கும் இடையே சத்தமில்லாமல் நடந்த ஒரு பண்டமாற்றும் உண்டு. குளவிக் கொட்டுக்கு உள்நாட்டு வீடுகள் முதலில் நாடும் வெற்றிலைச் சுண்ணாம்பு, பல ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டுச் செய்தது. கழிமுகத்து ஓடு, கரிசல்காட்டுக் கடிவாய்க்கு மருந்து. வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கும் கல்லுப்பும் கடல் தந்தது. மறுபுறம், கடலோர வீட்டில் மீன்முள் கிழித்த இடத்தில் அப்பும் மஞ்சள் உள்நாட்டு வயலிலிருந்து போனது. தனக்கில்லாததில் மருந்து இருப்பதாக நம்புவது மனித இயல்பு போலும்.

சுண்ணாம்பின் கணக்கை மட்டும் சரிபார்க்க வேண்டும். எறும்பும் தேனீயும் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் சமன் என்று பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மாமரத்து முசுறுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி; அது கடித்த இடத்தில் உண்மையிலேயே அமிலத்தைப் பீய்ச்சுகிறது. எறும்பின் அமிலத்தை இயற்கையியலாளர் ஜான் ரே 1671இலேயே வடித்துக் காட்டியிருக்கிறார். தேனீக்குச் சரியில்லை. அதன் நஞ்சில் வலிக்குக் காரணம் மெலிட்டினும் பிறவும். அவை இருப்பது தோலுக்குக் கீழே, சுண்ணாம்பு நிற்பது மேலே. மென்மையான தோலில் நெடுநேரம் வைத்தால் சுண்ணாம்பே புண்ணாக்கும். தேனீக்கும் குளவிக்கும் கழுவிவிட்டுத் துணியில் சுற்றிய பனிக்கட்டி வைப்பது போதும், வீக்கம் தணியும். கெளுத்தி முள்ளுக்குப் பனிக்கட்டி உதவாது. இரு வீடுகளும் தத்தம் வழியில் சரியாகவே இருந்து, வைத்தியத்தை மாற்றிக்கொண்டால் மட்டும் தவறும் இடம் இது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதிலும் வேற்றுமை உண்டு. நிலத்தில் அது பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்வினையிலிருந்து வருகிறது. ஒரே கொட்டில் உதடும் தொண்டையும் வீங்கி, உடம்பெங்கும் தடித்து, மூச்சு அடைத்தால் அது ஒவ்வாமை. அட்ரினலின் ஊசியைத் தவிர வேறு மருந்தில்லை. பனைமரத்துக் கதண்டுக் கூடு கலைந்து ஒருவரே பல கொட்டு வாங்கினால், எண்ணிக்கையே ஆபத்து. தேனீயின் கொடுக்கு விடும் வாடை மற்றத் தேனீக்களையும் அழைக்கும். அதனால்தான் தேனீ வளர்ப்போர் கொட்டிய இடத்தில் புகை காட்டுவார்கள். கடல் உயிர்கள் துணைக்கு ஆள் அழைப்பதில்லை. அங்கே ஆபத்து முள்ளோடு உள்ளே போன அழுக்கு. உப்புநீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி, சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்களின் காலை ஓரிரு நாளில் அழுகவைத்துவிடும். காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ கொப்புளம் கண்டாலோ மஞ்சளை நம்பி உட்காரக் கூடாது. ரணஜன்னி ஊசி இரு கரைகளுக்கும் பொது.

நிலத்தில் இதற்கு நேர் இணை, கண்ணுக்கே தெரியாத ஒட்டுண்ணிப் பூச்சியின் கடி. வலியே இருக்காது. பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது, அக்குளிலோ இடுப்புமடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று இருக்கும். தமிழ்நாட்டில் பரவலாக உள்ள உண்ணிக்காய்ச்சலை மருத்துவர் அந்தப் பொருக்கைத் தேடித்தான் முதலில் ஐயப்படுவார். நம் முன்னோர் ‘காணாக்கடி’ என்றொரு சொல் வைத்திருந்தார்கள், கடித்தது எதுவென்று தெரியாத கடிக்கு. கடலிலும் காணாக்கடி உண்டு. கலங்கிய நீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தவர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். அங்கே காலைத் தூக்கிவைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடக்கிறார்கள்; அதிர்வு கேட்டு மீன் விலகிவிடும். எங்கள் ஊரில் இருட்டில் தடியைத் தட்டிக்கொண்டு நடப்பார்கள், செருப்பை உதறிவிட்டுப் போடுவார்கள்.

சென்ற ஆண்டு என் மகள் சமையலறையில் கெளுத்தி அரியும்போது முள் ஏறிவிட்டது. செத்த மீனின் முள்ளிலும் நஞ்சு சாவதில்லை. அவள் ஃபிரிட்ஜைத் திறந்து பனிக்கட்டியை எடுத்தாள். குளவிக்கு நான் சொல்லிக்கொடுத்த வைத்தியம் அது. அதை வாங்கி வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். சூடானதும் சட்டியில் ஊற்றி, குழாய்த் தண்ணீர் கலந்தேன். அவள் கையை நீட்டுவதற்கு முன்பே என் முழங்கை தண்ணீருக்குள் போயிருந்தது.